பசீலின் சீட்டி

மரியந்த் தீவில் பேய்க்குப் பெயர் நாம். "நேத்து கிணத்தடியில நாம் நின்னுச்சு" என்று ஒருவன் முகம் வெளிறிச் சொல்லும்போது, தமிழ் தெரிந்தவனுக்கு முதல் தடவை சிரிப்புத்தான் வரும். அங்கே நாலு மழைக்காலம் இருந்துவிட்டால் அந்தச் சிரிப்பு தானாக நின்றுவிடும்.

தேங்காய் உரிக்கிற யூலாலிக்கு மட்டும் நாம் என்றால் பயம் கிடையாது. அவள் வீட்டு முற்றத்திலேயே ஒன்று இருபது வருஷமாக விடியுமுன் சீட்டி அடித்துக்கொண்டிருந்தது. அது அவள் புருஷன் பசீலின் சீட்டி. பசீல் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போயும் இருபது வருஷம்தான்.

யூலாலி அந்தத் தீவிலேயே, கொப்பரைக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் தேங்காய் உரிக்க உட்கார்ந்தாள். நிலத்தில் நட்ட இரும்புக் கூர்முனையில் ஒரு குத்து, இரண்டு திருகு, மட்டை தனியே விழும். ஆண்களைவிட வேகமாக உரிப்பாள். வாயும் அதே வேகம். மேற்பார்வைக்காரன் ஒருமுறை, "உன் நாக்கையும் அந்தக் கம்பியிலதான் தீட்டுவியா?" என்று கேட்டான். "இல்ல முசியே, உங்க முதுகுலதான். அதுதான் அகலமா இருக்கு, வேலையும் இல்லாம இருக்கு" என்றாள்.

பசீல் கொப்பரை உலர்த்தும் சூளைக்கு நெருப்புப் போடுகிறவன். பேச்சு குறைவு. முன்பல் ஒன்று கிடையாது. படகுக் கம்பு திரும்பி அடித்ததில் போனது. இருவருக்கும் கல்யாணமானபோது, "ஊமைக்கு ஒரு வாய் கிடைச்சுது" என்று ஊர் சிரித்தது. அடுத்த வருஷமே லிசெத் பிறந்தாள்.

அந்தத் தீவில் பெண் பிறந்தால் தகப்பன் நாற்பதாம் நாள் சதுப்புப் பக்கம் போய் ஒரு குட்டி மேட்டாமையைத் தூக்கி வரவேண்டும். அது அவளோடு வளரும். அவள் கல்யாணத்தன்று விருந்தாகும். நம் ஊரில் கல்யாணத்தன்று பெண் கழுத்தை நீட்டுவாள். அங்கே ஆமை நீட்டும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வளர்ந்த மேட்டாமையை நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டால், ஓட்டை உடைத்தால்தான் உண்டு. ஓட்டையோ உடைக்கக் கூடாது. அந்தப் பெண்ணின் தலைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது அதில்தான். ஆனால் அந்த மிருகத்துக்கு ஒரு பலவீனம் உண்டு, அதன் குருவிகள். ஓட்டின் பின்விளிம்பு தாழ்வாரம் போல வெளியே நீண்டிருக்கும். சீட்டிக்குருவி அதன் அடியில்தான் கூடு கட்டும், வேறெங்கும் கட்டாது. விடியுமுன் குருவி சீட்டி அடித்ததும் ஆமை நாலு காலையும் ஊன்றி எழும். கழுத்து எவ்வளவு நீளுமோ அவ்வளவும் நீட்டும். குருவிகள் இறங்கிக் கழுத்து மடிப்புகளில் உண்ணி பொறுக்கும். அவற்றுக்கு வயிறு நிறையும், ஆமைக்கு அரிப்புத் தீரும். எலி வந்தால், நண்டு வந்தால், குருவி கத்தும். கண் மங்கிய ஆமை உள்ளே ஒடுங்கிக்கொள்ளும். ஒரு ஆமை தன் குருவிகளின் சீட்டிக்குத்தான் எழும். அடுத்த ஆமையின் குருவி தொண்டை கிழியக் கத்தினாலும் அசையாது.

அதனால் பெண்ணைப் பெற்ற தகப்பனுக்கு ஒரு வேலை உண்டு. குட்டியாமையைத் தேடி ஒரு ஜோடிக் குருவி வந்து கூடு கட்டியதும், குஞ்சு பொரித்த நாளிலிருந்து தினமும் விடியுமுன் போய்த் தன் சொந்தச் சீட்டியை அடிக்கவேண்டும். குஞ்சுகள் அதைப் பிடித்துக்கொள்ளும். அவற்றிடமிருந்து அவற்றின் குஞ்சுகள். கல்யாணத்தன்று காலையில், கத்தியைக் கண்டு கத்தக் குருவிகள் விழிக்குமுன், தகப்பன் நின்று அடிப்பான். குருவிதான் என்று ஆமை நம்பி எழும். பக்கத்தில் கத்தியோடு ஒருவன் இருப்பான்.

பசீல் முதலில் இரண்டு நீளச் சுரம் அடிப்பான். மூன்றாவதற்குப் போகும்போது, பல் இல்லாத இடத்தில் காற்று வழுக்கி 'ஃப்ஸ்' என்று ஒன்று விழும். அதற்குப் பிறகுதான் மூன்றாவது வரும். குஞ்சுகள் அந்த வழுக்கலையும் சேர்த்தே கற்றன. எது சுரம், எது ஓட்டைப்பல் என்று அவற்றுக்குத் தெரியுமா என்ன.

லிசெத்துக்கு இரண்டு வயதாகும்போது, காற்றே இல்லாத ஒரு நாளில், பசீல் மீன் பிடிக்கத் தனியாகப் படகெடுத்துப் போனான். படகும் வரவில்லை, துடுப்பும் வரவில்லை. மூன்று நாள் தேடினார்கள். அந்த மூன்று நாளும் குருவிகள் வாய் திறக்கவில்லை. அதுவரை அவன் தொடங்கினால்தான் அவை தொடரும். நாலாம் நாள் விடியுமுன் முற்றத்திலிருந்து சீட்டி வந்தது. இரண்டு நீளம், ஒரு வழுக்கல், மூன்றாவது. யூலாலி எழுந்து ஓடிய வேகத்தில் கதவின் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. "எங்கடா போனே பாவி" என்று கத்திக்கொண்டே ஓடினாள். முற்றத்தில் ஆமை எழுந்து நின்றது. அதன் கழுத்தில் இரண்டு குருவிகள் உட்கார்ந்து தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் ஓடினாள். பிறகு ஓடுவதை விட்டாள். எழுந்து உட்கார்ந்து கேட்பதை விடவில்லை. பசீலின் குரல் அவளுக்கு முதல் வருஷமே மறந்துபோனது. பேசாதவனின் குரல் எவ்வளவு நாள் தங்கும்? முகம் ஐந்தாம் வருஷம் கலங்கியது. போட்டோ கிடையாது, கல்லறையும் கிடையாது. சீட்டி மட்டும் ஒரு நாள்கூடப் பழசாகவில்லை. பழைய குருவிகள் செத்தன, புதுக் குருவிகள் வந்தன, வழுக்கல் அதே இடத்தில் விழுந்தது. செத்தவன் தினமும் வந்து பல் இல்லாத வாயால் கூப்பிட்டுவிட்டுப் போவதைப் போல இருந்தது. அவளுக்கு அது வேண்டியிருந்தது. வெளியே சொல்லமாட்டாள், ஆனால் வேண்டியிருந்தது.

ஒரு படகுத் தச்சன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தான். நல்ல மனுஷன், குடிப்பதும் அளவோடுதான். விடியுமுன் வந்தால் வேலைக்குப் போவதற்குள் பேசிவிடலாம் என்று வந்தவனுக்குக் காப்பி கொடுத்தாள். பாதிக் காப்பியில் சீட்டி வந்தது.

"அது யாரு?" என்றான்.

"என் வீட்டுக்காரர்" என்றாள் யூலாலி, பதற்றமே இல்லாமல்.

மீதிக் காப்பியை அவன் குடிக்கவில்லை.

இந்த வீட்டில்தான் லிசெத் வளர்ந்தாள். அவளுக்கு அப்பா என்றால் விடிகாலையில் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்ததும் அம்மா இருட்டில் எழுந்து உட்காருவாள், உதட்டைக் குவித்துச் சத்தமில்லாமல் கூடவே அடிப்பாள். அந்த நேரத்தில் "அம்மா, வயிறு வலிக்குது" என்றால்கூடக் கை மட்டும் நீண்டு, இரு என்று சொல்லும். லிசெத் காதில் துணியை அடைத்துக்கொண்டு படுக்கப் பழகினாள்.

இருபத்திரண்டு வயதில் அவளுக்கு வடக்குக் குடியிருப்பு ஜெர்வேயுடன் கல்யாணம் நிச்சயமானது. சாமியார் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் பாய்க்கப்பலில் வருவார். அவர் இருக்கிற மூன்று நாளுக்குள் ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் முடிந்தாகவேண்டும். பசீலின் தம்பி மாக்சிம் ஒரு வாரம் முன்பே கத்தி தீட்டத் தொடங்கினான். சீட்டியும் அவன்தான் அடிக்கவேண்டும், அப்பன் ஸ்தானம். ஏழு நாள் விடியுமுன் வந்து அடித்துப் பார்த்தான். ஆமை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"என்ன அண்ணி இது, எல்லாப் பல்லும் இருக்கறது ஒரு குத்தமா?" என்றான்.

"ஒண்ணைத் தட்டிடலாமா, கிட்ட வா" என்றாள் யூலாலி. உள்ளுக்குள் அவளுக்கு நிம்மதி. யாராலும் முடியாது, ஆமை பிழைத்துவிடும், குருவிகள் இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

லிசெத் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டாள். "அம்மா அடிப்பாங்க, சித்தப்பா" என்றாள்.

"பொம்பள சீட்டி அடிச்சா நாம் வருமே."

"இத்தனை வருஷமா வந்தது போதாதா? புதுசா என்ன வரப்போகுது?" பிறகு அம்மாவைப் பார்த்தாள். "உங்க உதட்டை நான் பாத்திருக்கேன். தினமும் பாத்திருக்கேன். உங்களால முடியும்."

யூலாலிக்குக் கோபம் வந்தது. "உங்க அப்பனோட சத்தம்டி அது. அதை நிறுத்தறதுக்கு என் வாயவே கேக்கறியா?"

"எனக்கு அப்பா வேணாம்மா. ஒரு நாள் விடியற வரைக்கும் தூக்கம் வேணும். அம்மாவும் வேணும்" என்றாள் லிசெத். குரலை உயர்த்தவில்லை.

கல்யாணத்தன்று காலை மூட்டமாக இருந்தது. மாக்சிம் கத்தியை முதுகுப்புறம் மறைத்துக்கொண்டு ஆமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நாலு ஆண்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். ஜெர்வேயின் அம்மா மதாம் ஒர்தான்ஸ் விடியுமுன்பே வந்து, சோற்றுக்கு அடுப்பு மூட்டியபடி, ஆமையில்லாத கல்யாணம் கைம்பெண் வீட்டுக் கல்யாணம் என்று யாருக்கும் சொல்லாததுபோல எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு குருவிகளும் ஓட்டின் அடியில் இன்னும் உறங்கின. யூலாலி வந்து பசீல் நிற்கிற இடத்தில் நின்றாள். உதட்டைக் குவித்து அடித்தாள்.

இரண்டு நீளம். மூன்றாவது. சுத்தமாக வந்தது.

ஆமை அசையவில்லை.

வேலிக்கு வெளியே ஒருவன் தொண்டையைச் செருமினான். வழுக்கலை அவள் வேண்டுமென்றே விட்டாள் என்பது அங்கே இருவருக்குத்தான் தெரியும், அடித்தவளுக்கும், உள்ளாடையோடு ஜன்னலில் நின்ற கல்யாணப் பெண்ணுக்கும்.

மாக்சிம் எழுந்து முழங்காலைத் தட்டினான். "விடுங்க அண்ணி. நீங்க பாவம் என்ன செய்வீங்க? என்கிட்ட ஒரு பன்னி இருக்கு, அதை வெட்டிக்கலாம்."

"சரி சித்தப்பா, பன்னியே வெட்டிக்கலாம்" என்றாள் லிசெத் ஜன்னலிலிருந்து. "எனக்குப் பழக்கம்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் யூலாலி தாங்கியிருப்பாள். அவள் வாய்க்கு முன்னால் யாருடைய கோபமும் நின்றதில்லை. மகள் அதை உப்பு குறைந்த கஞ்சியைக் குடித்துவிடுகிற மாதிரி சொன்னாள். இரண்டு வயதிலிருந்து இந்த வீட்டில் இரண்டாவதாக இருந்தவளின் குரல் அது. செத்தவனுக்குப் பிறகுதான் அவள் என்று யாரும் சட்டம் போடவில்லை. யூலாலி தினமும் விடியுமுன் கை நீட்டி, இரு என்று சொல்லிச் சொல்லிப் போட்ட சட்டம்.

"உக்காரு மாக்சிம்" என்றாள்.

நாக்கைப் பல்லின் ஓரம் ஒதுக்கி மறுபடி அடித்தாள். இரண்டு நீளம், ஃப்ஸ், மூன்றாவது. வேலிக்கு வெளியே நின்றவர்களில் வயதானவன் சிலுவை போட்டுக்கொண்டான். பசீலோடு சூளையில் வேலை பார்த்தவன் அவன். ஆமை மெதுவாக எழுந்தது. முன்கால் இரண்டு, பின்கால் இரண்டு. இருட்டுக்குள் அவள் பக்கமே முகத்தை வைத்துக் கழுத்தை நீட்டியது. அவள் கண்ணை மூடவில்லை. செய்கிறவள் பார்க்கத்தான் வேண்டும் என்று நின்றாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வயலின்காரன் போதையில் ஒரே பாட்டை மூன்று தடவை வாசித்தான். கள் தீர்ந்து, மறுபடி இறக்கினார்கள். ஈரலின் முதல் துண்டு பெண்ணின் அம்மாவுக்கு என்பது வழக்கம்; யூலாலி மென்று விழுங்கினாள். லிசெத் போகும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டாள், கொஞ்ச நேரம் கூடுதலாகவே.

குருவிகள் போய்விடும், முற்றம் அமைதியாகிவிடும், அதற்குத்தான் யூலாலி மனத்தைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தாள். குருவிகள் போகவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஓட்டின் மேல் ஏழும் வந்து உட்கார்ந்தன. சீட்டி அடித்தன. ஓடு எழவில்லை. மறுபடி அடித்தன. வழக்கமாக விடியுமுன் ஒரு தடவை, இரண்டு தடவை கேட்கிற சீட்டி மறுநாள் காலை முழுக்கக் கேட்டது, மத்தியானமும் கேட்டது. பசீல் இப்படிக் கூப்பிட்டு அவள் ஒருநாளும் கேட்டதில்லை. உயிரோடிருந்தபோதும் இல்லை, செத்த பிறகும் இல்லை. தேங்காய் உரிக்கப் போனாள், அங்கேயும் காதில் கேட்டது. மற்ற பெண்கள் கம்பிகளைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.

சோறு போட்டாள், மீன் கிள்ளிப் போட்டாள். எழுந்து நிற்கிற கழுத்திலிருந்து தவிர அந்தப் பறவைக்கு உண்ணத் தெரியாது. சதுப்புப் பக்கம் விரட்டிப் பார்த்தாள். அங்கே இருக்கிற ஆமைகள் இந்தச் சீட்டிக்கு எழாது. சாயங்காலம் திரும்பி வந்தன. மூன்றாம் நாள் இரண்டு செத்துக் கிடந்தன. ஐந்தாம் நாள் நாலு. கடைசிக் குருவி ஆறாம் நாள் மத்தியானம் பாதிச் சீட்டியில் நின்றது. வழுக்கல் வரை வந்தது, மூன்றாவது வரவில்லை. யூலாலி ஏழையும் வேலியோரம் வரிசையாகப் புதைத்து, ஈர்க்குச்சியில் சின்னச் சிலுவை செய்து நட்டாள். அவ்வளவு வருஷம் கழித்துப் பசீலுக்காக உட்கார்ந்து அழ ஒரு இடம் கிடைத்தது. உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கொன்றவள் வந்து அழுதால் எவன் கேட்பான் என்றிருந்தது.

எட்டாம் நாள் மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து வரவேண்டும். ஜெர்வே மட்டும் வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், முகத்தில் திருடன் களை.

"அவ எங்க?"

"நல்லாத்தான் இருக்கா அத்தை. அம்மா வெளிய விடலை." பழத்தை வைத்துவிட்டு நின்றான். "ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"முதல்ல உக்காரு. கடன் கேக்க வந்தவன் மாதிரி நிக்காத."

உட்கார்ந்தான். "தூக்கத்துல சீட்டி அடிக்கிறா அத்தை."

யூலாலி அவன் பக்கம் திரும்பினாள்.

"முத நாள்லேருந்து. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அவளுக்கே தெரியல, எழுப்பிக் கேட்டா என் மேல பாயறா. வீட்டுல எல்லாரும் எழுந்து உக்காந்துடறோம். உங்க வீட்டு நாம் சீர்வரிசையோட வந்துருச்சுன்னு அம்மா சொல்றாங்க. சனிக்கிழமை வைத்தியரைக் கூப்பிட்டிருக்காங்க. புகை போட்டு, வேப்பெண்ணெய் குடுத்து இறக்கிடுவாராம்."

"எப்படி அடிக்கிறா?"

"எப்படின்னா?"

"அடிச்சுக் காட்டு."

ஜெர்வே சுற்றுமுற்றும் பார்த்தான். உதட்டைக் குவித்தான். முதலில் சரியாக வரவில்லை; நாக்கை ஓரம் தள்ளி மறுபடி முயன்றான். இரண்டு நீளம், ஒரு வழுக்கல், மூன்றாவது.

யூலாலி எழுந்து நின்றுவிட்டாள். தான் எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. மாப்பிள்ளை அண்ணாந்து தன்னைப் பார்ப்பதைக் கண்டுதான் தெரிந்துகொண்டாள். காதில் துணியை அடைத்துக்கொண்டு படுத்த பிள்ளை. ஓட்டின் அடியில் குஞ்சுகள் கற்ற அதே நேரத்தில், நாலு முழம் தள்ளி, இந்தக் கூரையின் அடியில் இதுவும் கற்றிருக்கிறது. அது புத்திக்கு எட்டியதும் அவளுக்கு அந்த எட்டு நாளும் வராத அழுகை வந்தது. மறைக்காமல் அழுதாள். ஜெர்வே என்ன செய்வதென்று தெரியாமல் வாழைப்பழத்தை எடுத்து நீட்டினான்.

"அத்தை, நாமா அது?"

"உன் தலை. உங்கம்மாகிட்ட சொல்லு, வேப்பெண்ணெயை அவங்களே குடிக்கட்டும். என் பொண்ணு வாயில யாராவது ஒரு சொட்டு ஊத்தினா, அப்புறம் இந்த வீட்டுலேருந்து நிஜமாவே ஒண்ணு கிளம்பி வரும்."

உள்ளே போனாள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். மாமியார் மாப்பிள்ளை வீட்டில் போய்ப் படுக்கிற வழக்கம் அந்தத் தீவில் எங்கேயும் கிடையாது.

"அம்மா என்ன சொல்வாங்களோ" என்றான்.

"சொல்லட்டும். நான் அவ பக்கத்துலதான் படுப்பேன்." வாசலில் ஒரு கணம் நின்றாள். "அடிக்கும்போது யாராவது அவளைத் தொடறீங்களா? நெத்தியில கை வச்சுப் பாக்கறது, அந்த மாதிரி?"

"இல்ல அத்தை. எல்லாருக்கும் பயம்."

"ஒருத்தர்கூட இல்லையா?"

"இல்ல."

"சரி, நட" என்றாள் யூலாலி. "இருட்டறதுக்குள்ள போயிடணும். நான் தொடுவேன்."